‘கேப்டன்’ ஆவதை எது முடிவு செய்கிறது? நிக்கோபார் சைக்கிள் வீரர்கள் முதல் ஜெய்பால் சிங் முண்டா வரை

கார் நிக்கோபாரில் இறங்கி "கேப்டன் எங்கே?" என்று கேட்டால், யாரும் உங்களை மைதானத்துக்குக் கூட்டிப்போக மாட்டார்கள். ஊர்த் தலைவரின் வீட்டைக் காட்டுவார்கள். நிக்கோபாரி கிராமங்களில் அந்தப் பதவியின் பெயரே ‘கேப்டன்’தான். ஃபர்ஸ்ட் கேப்டன், செகண்ட் கேப்டன், தேர்ட் கேப்டன் என்று வரிசையும் உண்டு. தேங்காய் வாங்க வந்த கப்பல்களின் காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் என்பார்கள். இன்று ஊர்க்காரர்களே இவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். (அது பழங்குடிகளுக்கான பாதுகாக்கப்பட்ட பகுதி. அனுமதிச் சீட்டு இல்லாமல் நாம் அங்கே இறங்கவே முடியாது என்பது தனிக்கதை.)

விளையாட்டில் கேப்டன் வருவது வேறு வழியில். ஒரு வீரரை அணியில் சேர்க்க ஓட்டம், விக்கெட், கோல், நேரம் என்று கையில் எண்கள் இருக்கின்றன. அந்த அணிக்கு யார் தலைவர் என்பதற்கு அப்படி ஓர் எண் இல்லை. மூடிய அறையில் நாலைந்து பேர் உட்கார்ந்து, "இவரிடம் தலைமைப் பண்பு இருக்கிறது" என்று சொல்கிறார்கள். முடிந்தது.

‘திறமையையும் குணத்தையும் பார்க்க வேண்டும், இனத்தைப் பார்க்கக் கூடாது’ என்றால் யாரும் மறுக்கப்போவதில்லை. அப்புறம் ஏன் நூறு வருடமாக இதில் சண்டை? சிக்கல் அந்த ‘குணம்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. நம் ஆபீஸில் ‘டீம் லீட்’ யார் என்று முடிவாகும் அறையும் ஏறக்குறைய இதே மாதிரியான அறை என்பதால், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஸ்டாப் வாட்ச் தேர்ந்தெடுத்த அணி

2019 ஆகஸ்டில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் ஆன் டெர் ஓடர் நகரில் ஜூனியர் டிராக் சைக்கிளிங் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. ஆண்கள் டீம் ஸ்பிரிண்டில் இந்தியா தங்கம் வென்றது. அணியில் இருந்தவர்கள் ரொனால்டோ சிங், ரோஜித் சிங், ஜேம்ஸ் சிங், எசோ ஆல்பன். முதல் மூவரும் மணிப்பூர்க்காரர்கள். எசோ, அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சேர்ந்தவர். அதற்கு முந்தைய ஆண்டே ஸ்விட்சர்லாந்தில் நடந்த இதே போட்டியின் கெய்ரின் பிரிவில் அவர் வெள்ளி வாங்கியிருந்தார். உலக அளவிலான டிராக் சைக்கிளிங் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

டீம் ஸ்பிரிண்ட் எப்படி நடக்கும் தெரியுமா? மூன்று பேர் ஒன்றாகக் கிளம்புவார்கள். 250 மீட்டர் டிராக்கில் மூன்று சுற்று. முதல் சுற்றில் ஒருவர் முன்னால் போவார், மற்ற இருவரும் அவர் முதுகுக்குப் பின்னால் காற்றிலிருந்து ஒதுங்கி வருவார்கள். சுற்று முடிந்ததும் அவர் விலகிக்கொள்ள, இரண்டாமவர் முன்னிலை எடுப்பார். கடைசிச் சுற்றை மூன்றாமவர் தனியாக முடிப்பார். அவர் கோட்டைத் தொடும் நேரம்தான் அணியின் நேரம். நின்ற இடத்திலிருந்து வெடித்துக் கிளம்புவதில் யார் கெட்டிக்காரரோ, அவர் முதல் சுற்றை ‘லீட்’ செய்வார். களைத்த பிறகும் வேகம் குறையாதவருக்குக் கடைசிச் சுற்று. ஒரே பந்தயத்துக்குள் மூன்று தலைவர்கள். யார் எங்கே என்பதைப் பயிற்சியில் எடுத்த நேரமே சொல்லிவிடும்.

எசோவுக்கு முன்பே இந்தப் பாதையில் வந்தவர் டெபோரா ஹெரால்ட். 2004 சுனாமியின்போது அவருக்கு ஒன்பது வயது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் தவித்து உயிர் பிழைத்தவர். 2015இல் 500 மீட்டர் டைம் டிரையலின் உலகத் தரவரிசையில் நான்காம் இடம் வரை போனார்.

டெல்லியிலோ பெங்களூரிலோ மணிப்பூர், நிக்கோபார் முகங்களைப் பார்த்து "நீங்க எந்த நாடு?" என்று கேட்பவர்களுக்குப் பஞ்சமில்லை. சைக்கிளிங் டிராக்கில் அந்தக் கேள்விக்கு வேலை இல்லாமல் போனதற்குக் காரணம், தேர்வுக் குழுவினர் எல்லாம் மகாத்மாக்கள் என்பதல்ல. வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். மறைக்க இடமில்லை.

1928: ஆதிவாசி கேப்டனும் பாதியில் முடிந்த தலைமையும்

இந்திய ஹாக்கியின் முதல் ஒலிம்பிக் தங்கம், 1928 ஆம்ஸ்டர்டாம். தியான் சந்த் உலகத்துக்கு அறிமுகமான போட்டி. அந்த அணியின் கேப்டன் யார் என்று கேட்டால் நம்மில் பலர் யோசிப்போம். அவர் ஜெய்பால் சிங் முண்டா. இன்றைய ஜார்க்கண்டின் குந்தி பக்கம் டக்ரா என்ற கிராமத்தில் பிறந்த முண்டா ஆதிவாசி. மிஷனரிகள் உதவியால் ராஞ்சியில் படித்து, அங்கிருந்து ஆக்ஸ்போர்டு போய், பல்கலைக்கழக ஹாக்கி அணியில் ஆடி ‘புளூ’ வாங்கியவர். ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்தபோது கேப்டன் பொறுப்பு வந்தது. விடுப்பு கிடைக்கவில்லை. விடுப்பு இல்லாமலே ஆம்ஸ்டர்டாம் கிளம்பினார், பிறகு ஐ.சி.எஸ்.ஸையும் விட்டார்.

அந்த அணியில் ஆங்கிலோ-இந்திய வீரர்களே பெரும்பான்மை. லீக் ஆட்டங்களில் ஆஸ்திரியா, பெல்ஜியம், டென்மார்க், ஸ்விட்சர்லாந்து என வரிசையாக வீழ்த்தினார்கள். மே 26 அன்று இறுதிப் போட்டியில் நெதர்லாந்தை 3-0 என்று வென்றார்கள். மொத்தம் 29 கோல், வாங்கியது பூஜ்ஜியம். ஆனால் இறுதிப் போட்டியில் அணியை நடத்தியவர் துணை கேப்டன் புரூம் பின்னிகர். ஜெய்பால் அதற்கு முன்பே அணியை விட்டு விலகிவிட்டார்.

ஏன்? ஆங்கிலோ-இந்திய வீரர்களுக்கும் அவருக்கும் இடையிலான பிளவு என்று ஒரு தரப்பு எழுதுகிறது; அணி நிர்வாகத்துடன் மோதல் என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்திருக்கலாம் என்பது என் எண்ணம். எதுவாக இருந்தாலும், அணி ஒரு கோல்கூட வாங்காமல் ஜெயித்துக்கொண்டிருந்த நேரத்தில் கேப்டன் வெளியே போகிறார் என்றால், ஸ்கோர் போர்டுக்கு வெளியே ஏதோ நடந்திருக்கிறது.

இந்தக் கதைக்கு அந்தமானிலும் ஒரு வேர் உண்டு. 1918 முதல் காட்டு வேலைக்காகச் சோட்டாநாக்பூரிலிருந்து தீவுகளுக்கு ஆதிவாசித் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களின் வாரிசுகளைத் தீவில் ‘ராஞ்சி’க்காரர்கள் என்பார்கள். முண்டா, ஒராவோன், காரியா குடும்பங்கள். ஜார்க்கண்டில் பழங்குடிப் பட்டியலில் இருக்கும் இந்தச் சமூகங்களுக்கு அந்தமானில் அந்த அந்தஸ்து இல்லை. பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்தியாவின் முதல் ஒலிம்பிக் ஹாக்கி கேப்டனின் சொந்த ஜனங்கள் அவர்கள்.

அதே 1948: இரண்டு கேப்டன்கள்

‘அதெல்லாம் வெள்ளைக்காரன் காலம்’ என்று நீங்கள் சொல்லலாம். சரி, 1948க்கு வருவோம்.

சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணி லண்டன் ஒலிம்பிக்கில் ஆடியபோது கேப்டன் தாலிமெரென் ஆவ். நாகா மலையைச் சேர்ந்தவர், கல்கத்தாவில் மருத்துவம் படித்துக்கொண்டே மோகன் பகானுக்கு ஆடியவர். பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய அந்த அணி பிரான்ஸிடம் 1-2 என்று தோற்றது. வங்காளிகள் கோலோச்சிய கால்பந்து உலகத்தில் ஒரு நாகா இளைஞர் கேப்டன். நம்மவர்கள் நியாயமாகவும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

இன்னொரு கேப்டன், மகாதேவன் சதாசிவம். 1948 மார்ச்சில் பிராட்மேனின் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்து போகும் வழியில் கொழும்பு ஓவல் மைதானத்தில் ஓர் ஆட்டம் ஆடியது. இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் தமிழரான சதாசிவம். முந்தைய ஆண்டு சென்னை சேப்பாக்கத்தில் 215 ரன் அடித்தவர். பின்னாளில் மலாயா, சிங்கப்பூர் அணிகளுக்கும் கேப்டன் ஆனார். அவர் ஆடிய கிளப்பின் பெயர் தமிழ் யூனியன்.

பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே 1948இல்தான் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது; லட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். நாட்டு அணிக்குத் தமிழர் கேப்டன், அதே நாட்டின் தேயிலைத் தோட்டத்தில் தமிழருக்குக் குடியுரிமை இல்லை. ஒரு கேப்டனைக் காட்டி "பார்த்தீர்களா, எங்களிடம் பாகுபாடு இல்லை" என்று யாராவது சொன்னால் இந்த ஆண்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேருக்கும் பொதுவான ஒன்று கவனத்துக்கு வருகிறதா? ஜெய்பால் ஆக்ஸ்போர்டு. ஆவ் மருத்துவக் கல்லூரி. சதாசிவம் கொழும்பு வெஸ்லி கல்லூரி. இனம் என்ற கதவைத் தாண்ட, படிப்பு என்ற டிக்கெட் கையில் இருந்தது. அது இல்லாத திறமைசாலிகள் எத்தனை பேர் வெறும் வீரர்களாகவே ஓய்வு பெற்றார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை.

"இன்னும் தயாராகவில்லை"

‘குணம்’ என்ற சொல் எப்படி வேலை செய்கிறது என்பதை மேற்கிந்தியத் தீவுகளைப் போல வேறெந்த இடமும் தெளிவாகக் காட்டாது.

அந்த அணி 1928இல் டெஸ்ட் ஆட ஆரம்பித்தது. ரன் அடித்தவர்களிலும் விக்கெட் எடுத்தவர்களிலும் கறுப்பின வீரர்கள் ஏராளம். கேப்டன் மட்டும் வெள்ளையர், அல்லது வெள்ளையருக்கு நெருக்கமான நிறம். 1948இல் ஜார்ஜ் ஹெட்லிக்கு ஒரே ஒரு டெஸ்ட் கொடுத்தார்கள். 1955இல் ஆஸ்திரேலியா வந்தபோது வோரெல், வீக்ஸ், வால்காட் என்று உலகமே கொண்டாடிய மூவரும் அணியில் இருந்தார்கள். பெரும்பாலான ஆட்டங்களுக்குக் கேப்டன் டெனிஸ் அட்கின்சன். அட்கின்சன் சாதாரண ஆட்டக்காரர் இல்லை, அந்தத் தொடரிலேயே பிரிட்ஜ்டவுனில் 219 அடித்தார். ஆனால் அந்த மூவரையும் தாண்டி அவரைத் தேர்ந்தெடுக்க ஆட்டம் மட்டும் காரணம் என்று நம்புவது கஷ்டம்.

யாரும் வாய்விட்டு ‘நிறம்’ என்று சொல்லவில்லை. பொறுப்பு, முதிர்ச்சி, மற்றவர்கள் மதிப்பார்களா, இன்னும் கொஞ்சம் போகட்டும். எல்லாமே குணத்தைப் பற்றிய பேச்சு!

இதில் என்னை அதிகம் உறுத்துவது ஒரு பழைய இந்தியத் தொடர்பு. 1950-51இல் காமன்வெல்த் அணி இந்தியா வந்தது. கேப்டன் லெஸ் ஏம்ஸ் ஆட முடியாத ஆட்டங்களில் பல நாட்டு வீரர்கள் அடங்கிய அந்த அணியை நடத்தியவர் பிராங்க் வோரெல். அதாவது, அவரால் முடியுமா என்ற கேள்விக்கு நம் ஊர் மைதானங்களிலேயே பதில் கிடைத்துவிட்டது. அவர் நாட்டுத் தேர்வாளர்கள் அதற்கப்புறம் பத்து வருடம் எடுத்துக்கொண்டார்கள்.

டிரினிடாடில் ‘தி நேஷன்’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்த சி.எல்.ஆர். ஜேம்ஸ் விடாமல் எழுதினார். 1960இல் வோரெல் கேப்டன் ஆனார். முழுத் தொடருக்கு நியமிக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர். முதல் டெஸ்டே பிரிஸ்பேனில் ‘டை’. தொடரில் 1-2 என்று தோற்றார்கள். ஆனாலும் மெல்போர்ன் தெருக்களில் மக்கள் திரண்டு வழியனுப்பினார்கள். 1962இல் பார்படாஸில் பந்து தலையில் பட்டு இந்திய கேப்டன் நரி கான்ட்ராக்டர் உயிருக்குப் போராடியபோது ரத்தம் கொடுத்தவர்களில் எதிரணி கேப்டன் வோரெலும் ஒருவர். வங்காள கிரிக்கெட் சங்கம் இன்றும் பிப்ரவரி 3ஆம் தேதி அவர் பெயரில் ரத்த தானம் நடத்துகிறது. குணத்தில் குறை என்று நிறுத்தி வைக்கப்பட்ட மனிதரின் குணம் இது.

நம் ஊரில் இதே வேலையைச் சாதி செய்தது. 1911 இங்கிலாந்து சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட் எடுத்த பல்வாங்கர் பாலு, தலித் என்பதால் ‘இந்துக்கள்’ அணிக்குக் கடைசிவரை அதிகாரபூர்வ கேப்டன் ஆகவில்லை. 1923இல் அந்தப் பொறுப்பு அவர் தம்பி விட்டலுக்குக் கிடைத்தது. அதற்கும் சண்டை போட வேண்டியிருந்தது.

‘ஹார்ட் ஒர்க்கர்’ வேறு, ‘லீடர்ஷிப் மெட்டீரியல்’ வேறா?

தேர்வாளர்கள் எல்லோரும் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று சொல்ல முடியாது. இதற்கு ஒரு வழிமுறை இருக்கிறது. 1970இல் ஜான் லாய், ஜோசப் மெக்எல்வோக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து அணிகளில் யார் எந்த இடத்தில் ஆடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். எல்லோரோடும் பேசி, முடிவெடுத்து ஆட வேண்டிய மைய இடங்களில் வெள்ளையர்கள் அதிகம். ஓரங்களில், வேகமும் உடல்பலமும் போதும் என்று கருதப்பட்ட இடங்களில் கறுப்பினத்தவர் அதிகம். விளையாட்டுச் சமூகவியலில் இதற்கு ‘ஸ்டாக்கிங்’ என்று பெயர்.

இதன் விளைவு மெதுவாக வரும். மையத்தில் ஆடியவருக்கு முடிவெடுத்த அனுபவம் சேர்கிறது. பத்து வருடம் கழித்து கேப்டன், கோச் தேடும்போது, "அனுபவம் உள்ளவர் இவர்தானே" என்று நேர்மையாகவே சொல்ல முடிகிறது. வடகிழக்கு வீரர் என்றாலே ‘வேகமான விங்கர்’, ‘நல்ல ஸ்டாமினா’ என்று நம் வர்ணனைகளில் வருவதைக் கவனித்துப் பாருங்கள். பாராட்டுதான். ஆனால் ‘ஆட்டத்தைப் படிக்கிறார்’ என்ற பாராட்டு யாருக்குப் போகிறது?

அப்ரைசல் மீட்டிங்கில் ஒருவரை ‘ஹார்ட் ஒர்க்கர்’ என்றும் இன்னொருவரை ‘லீடர்ஷிப் மெட்டீரியல்’ என்றும் எழுதும்போது நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். கிளையன்ட் காலில் பேச வாய்ப்பே கொடுக்காமல், "அவருக்கு கிளையன்ட் அனுபவம் இல்லை" என்பார்கள். இது உங்களுக்கு நடந்திருக்கலாம். நீங்களே இன்னொருவருக்குச் செய்தும் இருக்கலாம்.

அப்போ கோட்டா மட்டும் சரியா?

நியாயமான கேள்வி. தென்னாப்பிரிக்க கிரிக்கெட் வாரியம் 2016இல் ஓர் இலக்கு வைத்தது: ஒரு சீசனின் சராசரியில் அணியில் ஆறு பேர் வெள்ளையர் அல்லாதவர், அதில் இருவர் கறுப்பின ஆப்பிரிக்கர். ‘திறமைக்கு மரியாதை இல்லை’ என்று கடும் விமர்சனம் வந்தது. 2021இல் டெம்பா பவுமா கேப்டன் ஆனபோது சமூக ஊடகங்களில் அவரை ‘கோட்டா கேப்டன்’ என்று கிண்டல் செய்தவர்களில் இந்தியர்களும், சொல்லப்போனால் தமிழ் மீம் பக்கங்களும் உண்டு.

2025 ஜூனில் லார்ட்ஸில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 282 ரன் இலக்கு. தொடைத் தசைப் பிடிப்போடு நொண்டிக்கொண்டே பவுமா 66 அடித்தார். மார்க்ரமோடு சேர்ந்து 147 ரன். ஐந்து விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி. அவர் டெஸ்ட் கேப்டனாக இருந்த முதல் பத்து ஆட்டங்களில் ஒன்பது வெற்றி, ஒரு டிரா.

இதை வைத்து ‘கோட்டா ஜெயித்தது’ என்றும் சொல்ல மாட்டேன், ‘கோட்டா தேவையில்லை’ என்றும் சொல்ல மாட்டேன். இலக்கு இல்லாமல் இருந்திருந்தால் லங்கா டவுன்ஷிப்பிலிருந்து வந்த ஒரு குள்ளமான பேட்ஸ்மேன் முடிவெடுக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பாரா என்பதுதான் கேள்வி. தகுதியைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டோம் என்பவர்கள், தகுதி வெளியே தெரிய வாய்ப்பு கிடைத்ததா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

குணத்தை எப்படித்தான் பார்ப்பது?

ஓரளவு முடியும். வோரெல் விஷயத்தில் தவறவிட்டது என்ன? அவர் ஏற்கெனவே அணியை நடத்திய ஆட்டங்கள். ஆகவே, ஒருவர் நடக்கும் தோரணை, பேசும் ஆங்கிலம், ‘பார்த்தாலே தெரியும்’ என்ற உணர்வு இவற்றை ஓரமாக வைத்துவிட்டு, நெருக்கடியில் அவர் என்ன செய்தார் என்று கேட்கலாம். தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு யாரைக் கைகாட்டினார்? அணியின் கடைசி ஆளிடம் எப்படிப் பேசினார்? கூட ஆடுபவர்களிடம் ரகசியமாகக் கேட்கலாம். பெயர்களைப் பேசும் முன்பே அளவுகோலை எழுதி வைக்கலாம்; பெயர் வந்த பிறகு அளவுகோலை மாற்றுவதுதான் வழக்கமான தில்லுமுல்லு. எல்லாவற்றுக்கும் மேலாக, சின்ன ஆட்டங்களில் பலருக்கும் மாற்றி மாற்றிப் பொறுப்பு கொடுத்துப் பார்க்கலாம், டீம் ஸ்பிரிண்டில் முன்னிலை கைமாறுவதைப் போல.

இப்போது மறுபடி தீவுக்கு. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரின் மக்கள்தொகை சுமார் 3.8 லட்சம். வங்காளம் பேசுவோர் கால்வாசிக்கும் மேல், தமிழ் பேசுவோர் சுமார் 15 சதவீதம், பிறகு இந்தி, தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி, ராஞ்சிக்காரர்களின் சாத்ரி. ஒரே பள்ளி மைதானத்தில் இத்தனை வீட்டுப் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். சந்தோஷ் டிராபி கால்பந்தில் தீவு அணி ஆடியிருக்கிறது. ரஞ்சி கிரிக்கெட்டில் அந்தமானுக்கு அணியே இல்லை; அங்கே நன்றாக பேட் பிடிக்கும் பையன், எந்த வீட்டுப் பையனாக இருந்தாலும், சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ கப்பலோ விமானமோ ஏற வேண்டும். வந்து இறங்கியதும் அவனிடம் கேட்கப்படும் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: "தம்பி, நீ எந்த ஊரு, யாரோட பையன்?"